கருமணல் பொறுக்கும் புழு

எங்கள் கடல் ஆய்வகத்தில் அவரை நிதானம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரைச் சொன்னால் வாயிற்காவலருக்கே ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும். ஒரு குவளைத் தேநீரைக் குடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆகும். ஆறிய பிறகுதான் கையில் எடுப்பார். ஆறியதையும் அவசரப்படாமல் குடிப்பார். மாடிப்படியில் அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் ஊர்க்கதை முழுவதும் பேசி முடித்துவிடலாம். நான் அவருக்குப் பழக்கமானதே அப்படித்தான்; எனக்கு அவர் அக்கா. மாடியில் இருந்த நூலகம் என் பொறுப்பு. விஞ்ஞானிகளின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கொடுப்பதும் என் வேலை.

அக்காவின் வேலை சேற்றைப் பிரிப்பது. கரையோர ஆழமற்ற கடலிலிருந்து வாளி வாளியாகச் சேறு வரும். அதை மெல்லிய சல்லடையில் கொட்டித் தண்ணீர் விட்டு அலச வேண்டும். மிஞ்சுவதை வெள்ளைத் தட்டில் பரப்பி, அதில் உயிரினமாக இருப்பதை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, சிப்பி ஒரு குப்பி, இறால் குஞ்சு ஒரு குப்பி, புழு ஒரு குப்பி என்று போட வேண்டும். ஒரு கைப்பிடிச் சேற்றில் இருநூறு உயிர் இருக்கும். பலர் வந்து ஒரு வாரத்தில் தலைவலி என்று ஓடிப்போன வேலை அது. அக்கா இருபத்தாறு வருடமாக அதே முக்காலியில், வடக்குப் பார்த்த அதே சன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

முதலில் அவர் தட்டு கழுவத்தான் வந்தார். பிரித்து முடித்துவிட்டோம் என்று மற்றவர்கள் தள்ளிவைத்த தட்டு ஒன்றைக் கழுவப் போனவர், கழுவாமல் திருப்பிக் கொண்டுவந்து, "இதுல இன்னும் எட்டு இருக்கு" என்றாராம். எண்ணிப் பார்த்தால் எட்டு இருந்தது. அதற்கு அடுத்த தட்டில் பதினொன்று. மறுநாளிலிருந்து தட்டு கழுவ வேறு ஆள் வந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர் கண். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். அது இல்லாவிட்டால் எதிரே வருவது ஆளா மரமா என்று தெரியாது. ஆனால் வேலைக்கு உட்கார்ந்ததும் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். தட்டுக்கு மேல் குனிந்து, நாலு விரல் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்ப்பார். எங்களுக்கு உருப்பெருக்கி வேண்டியிருக்கும் இடத்தில் அவருக்கு ஒன்றும் வேண்டாம். அந்த நாலு விரலுக்குள் எதுவும் அவரிடமிருந்து தப்பாது. அதற்கு அப்பால் சுவர், அலமாரி, சன்னல், மனிதர்கள் எல்லாம் தண்ணீரில் கரைத்த வண்ணம்.

"நீ உள்ள வந்தா ஒரு பச்சை மேகம் மெதுவா வர்ற மாதிரி இருக்கு" என்றார் ஒருநாள். அன்றைக்கு நான் பச்சை உடுத்தியிருந்தேன்.

"பயமா இருக்காதா அக்கா, இப்படி எல்லாமே கலங்கித் தெரிஞ்சா?"

"எதுக்குப் பயம்? மேகம் யாரையாவது இடிக்குமா?"

அவர் பிரித்துக் கொடுப்பதை ஆராய்கிறவர் புழு டாக்டர். புழுக்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு ஒருமுறை யாரோ ஒருவர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கேட்டு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அவரைத் திட்டாமல், கால் மணி நேரம் கடல் புழுக்களைப் பற்றி விளக்கி அனுப்பினார். வந்தவருக்கு வயிறு சரியாகிவிட்டது என்று கேள்வி. நல்ல மனிதர்தான், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

படகுத்துறைக்குத் தெற்கே, இடுப்பளவுத் தண்ணீரில் கடற்புல் அடர்ந்த ஒரு திட்டு உண்டு. அங்கிருந்து வந்த சேற்றில்தான் அக்கா அதைப் பார்த்தார். நூல் மாதிரி ஒரு புழு. நீளம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். தன்னைச் சுற்றி மணல் துகள்களை ஒட்டி ஒரு குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருந்தது. இப்படிக் குழாய் கட்டும் புழுக்கள் நிறைய உண்டு. அவர் கையை நிறுத்தியது குழாயின் நிறம். அந்தத் திட்டில் மணல் வெள்ளை. பாதிக்கு மேல் சிப்பித்தூள். இந்தக் குழாயோ முழுக்கக் கறுப்பு. நூறு வெள்ளை மணலுக்கு ஒன்று கறுப்பு இருந்தாலே அதிகம். அந்த ஒன்றை மட்டும் தேடித் தேடி எடுத்து ஒட்டியிருந்தது.

அக்கா எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சொல்கிறவர் இல்லை. ஆறு வாரம் காத்திருந்து, நாற்பத்தொரு கறுப்புக் குழாய்களைச் சேர்த்த பிறகுதான் டாக்டரிடம் கொண்டுபோனார். நானும் அப்போது அந்த அறையில் ஏதோ கையெழுத்துக்காக நின்றிருந்தேன்.

டாக்டர் ஒரு புழுவைக் குழாயிலிருந்து பிரித்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். "இது பழசும்மா. நூறு வருஷமா தெரிஞ்ச இனம்."

"அந்தப் பழசு கையில கிடைச்சதை ஒட்டிக்கும் சார். வெள்ளை, கறுப்பு, சிப்பி எதுன்னாலும். இது பொறுக்குது."

"வீட்டு நிறத்தை வெச்சு ஆளை அடையாளம் சொல்ல முடியுமா? உடம்புல வித்தியாசம் காட்டுங்க, பாக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்கா குப்பிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம், பிரிக்கிற வேலை முடிந்த மீதி நேரமெல்லாம் அவர் அந்தப் புழுவின் உடம்பைப் பார்த்தார். தலைக்குப் பின்னால் வளையம் வளையமாக உடல். ஒவ்வொரு வளையத்திலும் இருபக்கமும் துடுப்பு மாதிரி ஒரு குட்டிக் கால், கால் நுனியில் கண்ணாடி இழைகளைப் போன்ற முட்கள். இந்த அளவுக்குப் போக அவர் கண்ணும் போதாது, நுண்ணோக்கிதான் வேண்டும். நுண்ணோக்கியின் பக்கவாட்டில் குழாய் மாதிரி ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு சிறு கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் புழுவும் மேசையில் இருக்கும் காகிதமும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். நம் கையே, பென்சிலோடு, புழுவின் பக்கத்தில் வந்து நிற்கும். கோட்டின் மேல் கோடு போட்டால் படம்.

ஒருமுறை என்னையும் பார்க்கச் சொன்னார். இருட்டான வட்டத்துக்குள் ஒளிரும் புழு. அதன் மேல் என் விரல், பேய் விரல் மாதிரி, ஊடுருவித் தெரிந்தது. தொட்டுவிடுவோம் என்று பயந்து கையை இழுத்துக்கொண்டேன். அக்கா சிரித்தார். மாலைகளில் அந்த அறைக்கு ஒரு தனி அமைதி இருந்தது. குழாயில் தண்ணீர் சொட்டும். அலமாரிக் குப்பிகளில் வெயில் படும்போது ஒவ்வொன்றும் மஞ்சள் விளக்காகும். அக்காவின் பென்சில் நகர்வது கேட்கவே கேட்காது. சில நாட்களில் நான் வந்த வேலையை மறந்து, அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போவேன்.

கனவிலும் அது வந்ததாம். "புல்லு மரம் மாதிரி நிக்குது. நான் அடியில நடந்து போறேன். மேல வெளிச்சம் ஆடுது. தரையில வெள்ளைப் பாறை, வெள்ளைப் பாறையா கிடக்கு. எங்கயோ ஒரு கறுப்புப் பாறை இருக்கும், அதை எடுத்துட்டுப் போகணும். அவ்வளவுதான் கனவு. எழுந்திருச்சா நல்லா தூங்கின மாதிரி இருக்கு."

ஐந்தாம் மாதக் கடைசியில் அவர் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். இரண்டு வித்தியாசங்களைக் கண்டுபிடித்திருந்தார். நாலாவது வளையத்து முட்களில் ஒன்று மட்டும் வளைந்து, நுனியில் சிறு பிளவோடு இருந்தது. இரண்டாவது, தலையைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று, சந்திரனைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி.

டாக்டர் வெகு நேரம் பார்த்தார். ஒரு புழு, இன்னொரு புழு, ஏழு புழு. தலையைத் தூக்கியபோது அவர் முகத்தில் வழக்கமான விறைப்பு இல்லை.

"முள்ளு சரிம்மா. பிளவு இருக்கு. ஏழுலயும் இருக்கு. இதை யாரும் எழுதல." படத்தில் தலையைத் தொட்டார். "இந்தச் சவ்வு எங்க இருக்கு?"

"தலையைச் சுத்தி, சார்."

"நீங்களே பாத்து எனக்குக் காட்டுங்க."

அக்கா பார்த்தார். இருந்தது. டாக்டர் புழுவை எடுத்துவிட்டு வெறும் கண்ணாடிச் சில்லில் ஒரு மணல் துகளை வைத்தார். அக்கா மறுபடி பார்த்தார். மணலைச் சுற்றியும் அதே வளையம் இருந்தது. சில்லை நகர்த்தினார், வளையமும் கூடவே வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து, சன்னலுக்கு வெளியே எரிந்துகொண்டிருந்த கம்பத்து விளக்கைப் பார்த்தார். அதற்கும் ஒன்று.

"சாராயம் கலங்கிப் போச்சுன்னு நினைச்சேன்" என்றார் மெதுவாக. மாதிரிகள் ஊறும் சாராயத்தை அவர் அந்த மாதத்தில் மூன்று முறை மாற்றியிருந்தார். கலங்கியது அது இல்லை.

இருபத்தாறு வருடத்தில் இல்லாத ஒன்றை இருப்பதாக அவர் சொன்னது கிடையாது. படத்தைச் சுருட்டினார். "அப்ப முள்ளும் பொய்யா இருக்கலாம் சார். எல்லாத்தையும் நீங்களே ஒருதரம் பாத்துடுங்க. என் கண்ணை நம்ப வேண்டாம்."

டாக்டர் அந்தச் சுருட்டை அவர் கையிலிருந்து வாங்கினார். "ரெண்டு சொன்னீங்க, ஒண்ணு நிஜம். என் கணக்கு அதைவிட மோசம். முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க. புழு எங்கயும் போகாது."

கண்புரை. வலது கண்ணில் முற்றியது, இடது கண்ணில் ஆரம்பம். கண் மருத்துவமனைக்கு அவரோடு அவர் கணவரும் நானும் போனோம். கணவர் முகத்துவாரத்தின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பயணிகள் படகு ஓட்டுகிறவர். அக்கா புருஷன் என்றால் மாமாதானே. நான் அப்படியே கூப்பிடுவேன். அவர் கண் தூரத்துக்காகவே செய்தது. கரையில் நின்று, மூன்றாவது மிதவையில் உட்கார்ந்திருப்பது என்ன பறவை என்று சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து "அதோ பாரு, அதோ பாரு" என்று கையை நீட்டிக்கொண்டே இருப்பவர். அக்காவும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்.

கண் மருத்துவர் இளம் பெண். பொறுமையாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள இருக்கற பழைய வில்லையை, அதான் லென்ஸை, எடுத்துட்டு உள்ள புது வில்லை வெப்போம். தூரம் தெளிவா தெரியற மாதிரி வெச்சா, பெரும்பாலும் கண்ணாடியே வேண்டாம், படிக்க மட்டும் போதும். உங்களை மாதிரி இவ்வளவு பவர் இருக்கறவங்க எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க."

"அதையே வெச்சிடுங்க" என்றார் மாமா.

"கிட்டத்துல இப்ப தெரியுதே, அது?" என்று கேட்டார் அக்கா.

"அது போயிடும். கிட்டப் பாக்க கண்ணாடி போட்டுக்கணும்."

அக்கா தன் உள்ளங்கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு விரல் தூரத்துக்கு வெக்க முடியாதா?"

அந்தப் பெண் மருத்துவருக்கு அப்படி ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும். "அவ்வளவு கிட்ட யாரும் வெக்கறதில்லை. வேணும்னா ஒரு சாண் தூரத்துக்கு வெக்கலாம். ஆனா அதுக்கு மேல கண்ணாடி வேணும், ரோடு, பஸ், வீடு எல்லாத்துக்கும். யோசிச்சு வந்து சொல்லுங்க."

யோசிக்க வேண்டிய பேச்சு வெளியே, நடைபாதை பெஞ்சில் நடந்தது. மாமாவுக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான்.

"முப்பது வருஷமா கண்ணாடியைத் தேடித்தான் உனக்கு விடியுது. எழுந்ததும் என் முகம் தெரியணும்னு உனக்கு ஆசையே இல்லையா?"

"நாலு விரல் தூரத்துல வாங்க, நல்லா தெரியும்."

எதிர் பெஞ்சில் இருந்தவர் சிரித்துவிட்டார். மாமாவும் சிரிக்கத்தான் செய்தார், ஆனால் விடவில்லை. "விளையாட்டு இல்ல. புழுவுக்கு நுண்ணோக்கி இருக்கு. உங்க புழு டாக்டர் சொல்லலையா, அதைத் திருகினா எந்தக் கண்ணுக்கும் சரியாயிடும்னு?"

"நுண்ணோக்கியில வெக்கறதுக்கு முன்னாடி தட்டுல எடுக்கணுமே. எது எடுக்கணும், எது விடணும்னு அங்கதான தெரியணும்." "நீங்க படகுல நின்னா எவ்வளவு தூரம் தெரியுதோ, எனக்குத் தட்டுல அவ்வளவு தெரியுது. அதை எடுத்துட்டா நான் எங்க போறது?"

மாமா எழுந்து, தானே உள்ளே போய், "ஒரு சாணுக்கே வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வலது கண்ணில் மட்டும் அறுவை நடந்தது. மூன்றாம் நாள் கண்கட்டு இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் போனபோது மடியில் ஒரு துவாலையை விரித்து வைத்திருந்தார். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன சாதாரணத் துவாலை.

"இது என்ன நிறம்?"

"நீலம் அக்கா."

"இத்தனை நாளா சாம்பல்னு நினைச்சிருந்தேன்." வலது கண்ணை மூடிப் பார்த்தார், இடதை மூடிப் பார்த்தார். "இதுல சாம்பல். இதுல நீலம். ஒரே துணி, பாரேன்." புரை பிடித்த வில்லை மஞ்சளாகி, நீலத்தை எல்லாம் வெளியிலேயே நிறுத்திவைத்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னாராம். வீட்டில் நீலமாக இருந்த ஒவ்வொன்றையும் அன்று முழுவதும் எடுத்துவந்து மடியில் வைத்துப் பார்த்தார். வாளி மூடி, தீப்பெட்டி, மாமாவின் சட்டைக் காலர். ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் எப்போதும் போலப் புகை.

ஒரு மாதம் கழித்து டாக்டர் ஒன்று சொன்னார். "சாராயத்துல இருக்கறதை எவ்வளவு வேணும்னாலும் பாக்கலாம். உயிரோட ஒண்ணையாவது பாத்துட்டு எழுதினா நல்லாருக்கும்." அந்தப் புழுவை உயிரோடு யாரும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சேறு வந்து சேரும்போது எல்லாம் செத்திருக்கும்.

கடல் நன்றாக வற்றிய ஒரு காலையில் போனோம். மாமா படகைத் திட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தண்ணீர் முழங்காலுக்குச் சற்று மேலே, வெதுவெதுப்பாக இருந்தது. காற்றே இல்லை. கடற்புல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வானமும் தண்ணீரும் எங்கே சேர்கின்றன என்று கண்டுபிடிக்க முடியாத வெளிச்சம். டாக்டர் சத்தம் போடாமல் நடந்தார். நான் அவருக்குப் பின்னால் வாளியோடு. அக்கா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அடியில் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியைத் தண்ணீரில் அழுத்தி, அதற்குள் முகத்தை வைத்துக் குனிந்தார்.

அப்படியே இருந்தார். பத்து நிமிடம், இருபது நிமிடம். அலை அவர் முதுகில் வெளிச்சத்தை நெளியவிட்டுக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டாரோ என்று மாமா படகிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இருக்கு" என்றார் கடைசியில், தலையைத் தூக்காமல்.

புல்லின் வேரடியில் கறுப்பு ஊசிகளாக நின்றன குழாய்கள். ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் மெல்லிய இழைகள் வெளியே வந்து மணலைத் தடவிக்கொண்டிருந்தன. வெள்ளைத் துகளைத் தொடும், உருட்டும், விட்டுவிடும். இன்னொன்றைத் தொடும், விட்டுவிடும். அவசரமே இல்லை. கறுப்பு கிடைத்தால் அதைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்து, குழாயின் விளிம்பில் வைத்து, சுற்றிச் சுற்றித் தடவி ஒட்டும். எங்கள் மூவருக்குள்ளும் பெட்டி கை மாறியது. அக்காவின் முறை திரும்ப வந்தபோது அவர் கேட்டார், "இழையோட அடியில ஒரு நீலம் இருக்கே, நீங்க பாத்தீங்களா சார்?"

டாக்டர் பார்த்திருக்கவில்லை. நானும்தான். ஒன்றை வெள்ளைத் தட்டில் எடுத்து வெயிலில் காட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இழைகள் தலையோடு சேரும் இடத்தில், ஊசிமுனை அளவுக்கு, இரு பக்கமும் இரண்டு நீலப் புள்ளிகள். முன்பெல்லாம் சாராயத்தில் போட்ட ஒரு மணி நேரத்தில் அது வெளுத்துப் போயிருக்கும். அதனால் எந்தக் குப்பியிலும் அது இல்லை. டாக்டர் தட்டை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். "இந்தத் தடவை நான் சோதிக்க வேண்டியதில்லை" என்றார்.

கட்டுரை பதினான்கு பக்கம் வந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு புது உயிரைப் பற்றிய எழுத்து எவ்வளவு வறட்சியாக இருக்கும் என்பது அப்போது தெரிந்தது. உடல் நீளம் இவ்வளவு, வளையம் இத்தனை, நாலாவது வளையத்தில் முட்கள் இத்தனை, ஒன்று பிளவுபட்டது. ஆனால் அதைத் தட்டும்போதெல்லாம் என் கண்ணில் அந்த வெதுவெதுப்பான தண்ணீர்தான் தெரிந்தது. படங்கள் எல்லாம் அக்கா போட்டவை. சவ்வு இல்லாமல் புதிதாக வரைந்திருந்தார்.

பெயர் வைக்கும் கட்டம் வந்தது. டாக்டர் அக்காவின் பெயரையே வைக்கலாம் என்றார். அக்கா பதறிவிட்டார்.

"என் பேரை வெச்சா, நாளைக்கு யாராவது புத்தகத்துல 'இது மண்ணுக்குள்ள வாழும், குடல் நேரா இருக்கும்'னு படிப்பாங்க. எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்? அது என்ன செய்யுதோ அதை வைங்க."

கறுப்பைத் தேர்ந்தெடுப்பது என்று பொருள் வரும்படி, அறிவியல் பெயருக்கு உரிய மொழியில் வைத்தார்கள். ஆனால் கட்டுரையை எழுதியவர்கள் என்ற இடத்தில் டாக்டர் பெயருக்கு அடுத்து அக்கா பெயர் இருந்தது. அதில் மட்டும் டாக்டர் விட்டுக்கொடுக்கவில்லை. கட்டுரையை அனுப்பிய ஆய்விதழிலிருந்து எட்டு மாதம் கழித்து மறுமொழி வந்தது. நிறத்தைப் பற்றிய வரியை எடுத்துவிடலாமே, பாதுகாத்த மாதிரியில் அது தெரிவதில்லையே என்று கேட்டிருந்தார்கள். டாக்டர் ஒரே வரியில் பதில் எழுதச் சொன்னார்: நிறம் இருக்கிறது, பார்த்தவர் பார்த்திருக்கிறார். நான் அதைக் கொஞ்சம் நாகரிகமாக்கி அனுப்பினேன். வரி தப்பியது.

அச்சாகி வந்த அன்று மாமா அந்தப் பக்கங்களை ஒரு உறையில் போட்டுப் படகில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை படிக்க வராது அவருக்கு, அது வேற்று மொழி. ஆனாலும் பயணிகளிடம் படத்தைக் காட்டி, "இது நமக்குக் கீழேதான் இருக்கு" என்பார். படகு போகும் வழிக்கும் அந்தத் திட்டுக்கும் ஒரு மைல் இடைவெளி என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இடது கண்ணை அக்கா இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். மருத்துவர் கடிந்துகொள்ளும்போதெல்லாம் அடுத்த மாதம் என்பார். என்னிடம் மட்டும் சொன்னார். "அந்த நாலு விரல் தூரம் இதுலதான் மிச்சம் இருக்கு. மங்கலாதான் தெரியுது. இருந்துட்டுப் போகட்டும் கொஞ்ச நாள்." சாயங்காலங்களில் வலது கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தட்டை முகத்தருகே வைத்து, வேலையாக இல்லாமல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அதுவும் முற்றிவிட, அறுவை செய்துகொண்டார். அதற்கும் ஒரு சாண்தான்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் வேறொரு கடற்கரையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் பழைய குப்பிகளை ஒழுங்குபடுத்துகிறவர் எழுதியிருந்தார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் சேகரித்து, பழைய இனத்தின் பெயர் எழுதி ஒட்டிய ஒரு குப்பியில், கறுப்புக் குழாய்கள் பன்னிரண்டு இருப்பதாகவும், உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு நாலாவது வளையத்தைப் பார்த்ததாகவும், பிளவு இருப்பதாகவும் சொல்லியிருந்தார். நிறம் மட்டும் தெரியவில்லை. எங்கே இருக்கும் என்று சரியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

நான் படித்துக் காட்டினேன். அக்கா தேநீரை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அங்கயும் கறுப்பு மணல் இருக்கு" என்றார்.

பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, அந்தத் தலையைப் பெரிதாக வரைந்து, இழைகளின் அடியில் இரண்டு இடத்தில் அம்புக்குறி போட்டார். நூலகத்திலிருந்து என்னிடம் ஒரு நீலப் பென்சில் கேட்டார். நான் மூன்று நீலங்கள் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாகக் காகித ஓரத்தில் கீறிப் பார்த்து, இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.